மூச்சை விட்டு இழு

இன்று காலை கம்பெனிக்குப் புது பஸ் வந்தது. ஏறிய உடனே ரெக்சின் வாசம். பாதி சீட்டுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எல்லாரும் புது வண்டி வந்த சந்தோஷத்தில் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை தானாகச் சீட்டைத் தடவிப் பார்த்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய பஸ்ஸுக்குப் புது சீட் போட்ட அன்று இதே வாசத்துக்கு நடுவில்தான் நீ என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாய்.

உனக்கு எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். இருக்கும்போதே நீ எதையும் படித்ததில்லை. நோட்டீஸ் போர்டில் ஷிப்ட் மாற்றம் ஒட்டியிருந்தால்கூட, "இன்னா போட்டுகீறான், நீயே சொல்லு" என்று என் தோளில் சாய்ந்துகொள்வாய். இதையும் அப்படி நான் வாசித்துச் சொல்வதாக வைத்துக்கொள். நடுவில் கொட்டாவி விடாதே.

நாம் இரண்டு பேரும் கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஏறுவோம். நீ திருவிடந்தையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எனக்கு முன்பே வந்து நிற்பாய். மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் தாண்டி மறைமலைநகர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வழியில் பஸ் எங்கேயும் நிற்காது. நான் ஜன்னலோரம் பிடித்து, அடியில் மடித்த டவல் ஒன்றைப் போட்டுத்தான் உட்காருவேன். யாராவது கேட்டால் சீட்டு சுடுகிறது என்பேன். மார்கழி மாதத்திலும் எனக்குச் சீட்டு சுடும்.

அன்று நீ பாதி வழியில் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். புது சீட்டின்மேல் எதற்குத் துணி என்று சொல்லிக்கொண்டே டவலை உருவினாய். நான் பிடிப்பதற்குள் அது உன் கையில் இருந்தது. கண்டிகையில் அடுத்தடுத்து இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்களை அப்போதுதான் தாண்டியிருந்தோம். டவல் ஈரம்.

ஊரே கேட்கப் பேசுகிறவள் நீ. இன்றோடு என் மானம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீயோ டவலை நாலாக மடித்து உன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாய். உன் ஓவர்கோட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டாய். அன்று முழுவதும் பேக்கிங் பகுதியில் ஓவர்கோட் இல்லாமல் நின்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாய் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கேளம்பாக்கத்தில் இறங்கியதும் பஜ்ஜிக் கடை ஓரமாக என்னை இழுத்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"எத்தினி வருசமா?"

சின்னவன் பிறந்ததிலிருந்து என்றேன். அப்போது அவனுக்குப் பதிமூன்று வயது. அதுவரை நான் அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

பதிமூன்று வருஷத்தை எப்படி ஓட்டினேன் என்று அந்தக் கடை ஓரத்திலேயே உன்னிடம் கொட்டினேன். தும்மினால், இருமினால், ட்ரேயைத் தூக்கினால், சிரித்தால் சிறுநீர் கசியும். ஆரம்பத்தில் ஒரு சொட்டு, போகப்போக உடுப்பு நனையும் அளவுக்கு. காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். டீ பிரேக்கில் டீயை வாங்கிக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். லைனை விட்டு நடுவில் போக வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும், கேட்டால் ஏன் என்பார்கள். வெயில் காலத்தில் நாப்கின் வைத்து வைத்துத் தொடையெல்லாம் புண். நாற்றம் வருமோ என்ற பயத்தில் பவுடரைக் கொட்டிக்கொண்டு வருவேன். என்னைப் பகட்டுக்காரி என்று மற்றவர்கள் பேசியதும் எனக்குத் தெரியும்.

அதைவிடக் கொடுமை, நான் பார்த்த வேலை. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்து, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது. ஒரு குமிழி வந்தாலும் சிவப்பு மையால் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். பதினொரு வருஷம் அதைச் செய்தவளுக்கு மனிதர்களிடத்திலும் குறைதான் முதலில் கண்ணில் படும். என்னை நானே எப்போதோ சிவப்பு மை போட்டுத் தள்ளிவைத்திருந்தேன்.

அந்த வாரம் என்னை லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லீடர் என்றால் நாள் முழுக்க நடக்க வேண்டும், குரல் கொடுத்துப் பேச வேண்டும், நாலு பேர் பார்க்க முன்னால் நிற்க வேண்டும். எல்லாருக்கும் கிடைக்காதது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கல்யாணம், கோயில், சினிமா எல்லாவற்றையும் ஏற்கெனவே விட்டாயிற்று. மிச்சம் இருந்தது இந்த பஸ்ஸும் அந்தத் தொட்டியும்தான். அதையும் விட்டால் நாலு பேர் நடுவில் உட்காருவது என்பதே என் வாழ்க்கையில் இருக்காது. அது தெரிந்தேதான் எழுதினேன்.

நீ கடிதத்தை வாங்கிப் பார்த்தாய், படிக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "இது எங்கிட்ட கெடக்கட்டும். ஆறு மாசம் பாக்கலாம்" என்றாய். அதிலேயே கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு.

அதற்குப் பிறகு நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மறுநாளே நீ போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாய். எவளோ ஒரு பெண் பாய் போட்டு உட்கார்ந்து பயிற்சி சொல்லித் தருகிறாள். பஸ்ஸில் நாற்பது பேர். சத்தம் வைத்தால் மானம் போகும். வீட்டிலோ எனக்கு ஒரே அறை, மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். அதனால் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தோம். அவள் அடிவயிற்றில் கை வைக்கிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், கையை மேலும் கீழும் ஆட்டுகிறாள். இரண்டு தரம் பார்த்துவிட்டு நீ தீர்ப்புச் சொன்னாய்.

"முக்கறாமே. புள்ள பெக்கறப்போ முக்கறோம் பாரு, அதான்."

இரண்டு பெற்றவள் நான், இரண்டு பெற்றவள் நீ. முக்கத் தெரியாதா நமக்கு? மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மாம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை முக்கினோம். ஒரு நாள் விடவில்லை. டிரைவர் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, வாந்தி வருதாக்கா, பை வேணுமா என்று கேட்டார். அவ்வளவு அக்கறையாகப் படித்திருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு டவல் போதவில்லை. பயிற்சி போதாது என்று இன்னும் பலமாக முக்கினேன். நீதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாய். ஒரு சாயங்காலம் கேளம்பாக்கம் வந்தும் நீ சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாரும் இறங்கட்டும் என்றாய். இறங்கின பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"எனக்கும் கீதுமே. அடி எறங்கிகீது."

இரண்டாவது பிள்ளை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை, நீ மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டாய். அப்போது கம்பெனி வேலை கிடையாது. அந்த வாரமே அடியில் ஏதோ பிதுங்கி வருவது தெரிந்திருக்கிறது. கையாலேயே உள்ளே தள்ளிவிட்டு, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாய். சாயங்காலம் ஆனால் முட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குமாம். பதினேழு வருஷம். இப்போது நாம் முக்கிய முக்கலில், தள்ளினாலும் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்றாய்.

அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் டவலை உருவினவள், என் கடிதத்தைப் பிடுங்கினவள், தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுப் பேசுகிற உனக்கு உன்னைப் பற்றிச் சொல்ல மட்டும் குரல் இல்லாமல் போனதே என்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை லீவு போடு, செங்கல்பட்டுக்குப் போகிறோம் என்றேன். உன்னை நான் அதட்டியது அன்றுதான் முதல் தடவை. நீ தலையாட்டினாய்.

சொந்தத்தில் கல்யாணம் என்று இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லி லீவு வாங்கினோம். பட்டுப்புடவை கட்டாமல் கல்யாணத்துக்குப் போன முதல் ஆட்கள் நாமாகத்தான் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவு வாசலில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கே காத்திருந்த பெண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாதிப் பேர் என்னைப் போலவே பெஞ்சில் துணி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா நம்மைத் தனித்தனியாகப் பரிசோதித்தார். எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் கிருமித் தொற்று வேறு. அதற்கு மாத்திரை கொடுத்து, தண்ணீரை நிறுத்தியதற்குத் திட்டும் கொடுத்தார். உனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் ஒரு வழி, உள்ளே தாங்கிப் பிடிக்க வளையம் வைத்துக்கொள்வது ஒரு வழி, இப்போதைக்கு வளையம் வைத்துப் பார்க்கலாம் என்றார். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்துப் பயந்துதான் இத்தனை வருஷம் நீ ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்று அங்கேதான் சொன்னாய். வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு ரப்பருக்கா நான் பதினேழு வருசம் பேஜாரு பட்டேன்" என்று கேட்டாய். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரப்பரைப் பற்றி அதிகம் தெரிந்தவள் என்ற முறையில் நானும் வாங்கிப் பார்த்தேன். நல்ல சரக்கு, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அங்கிருந்து பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், நம்மைவிடப் பத்து வயது சின்னவள். ஏற்கெனவே பயிற்சி செய்கிறோம் என்று பெருமையாகச் சொன்னோம். செய்துகாட்டுங்கள் என்றாள். நாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, பஸ்ஸில் செய்வதைப் போலவே செய்துகாட்டினோம். அவள் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் வெளியே தள்ளுறீங்க. உள்ள, மேல தூக்கணும்."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தாமல் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்ததில் எனக்கு நாற்காலி நனைந்துவிட்டது. நனைந்துடுச்சும்மா என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பதிமூன்று வருஷத்தில் வெட்கப்படாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

இடுப்பெலும்புக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கின்றன, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினாள். பிரசவத்தில் அது நைந்துபோகும். உடம்பு தேறுவதற்குள் பளு தூக்கினால், வருஷக்கணக்காக இருமினால், மலச்சிக்கலில் முக்கினால் இன்னும் தொய்ந்துபோகும். பிள்ளை பெற்றால் அப்படித்தான், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம், விடக் கூடாது என்றாள். சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளிழுத்து மேலே தூக்கிப் பிடித்து விட வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. இருமப் போகிறோம், எடை தூக்கப் போகிறோம் என்று தெரிந்தால் அதற்கு முன்பே அந்தத் தசையை இறுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று நாலு மாதம் ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள் என்றாள். வாசல் வரை வந்து, "இனிமே வீடியோவைச் சத்தம் வச்சே பாருங்கக்கா" என்று வேறு சொன்னாள்.

சொல்வது சுலபம். எனக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. தூக்கு என்றால் தோளைத் தூக்குவேன், புருவத்தைத் தூக்குவேன். மூச்சோ தானாக நின்றுவிடும். இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு, எனக்கு வராது, கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். நீயோ, ஞாயிற்றுக்கிழமை வூட்டுக்கு வா என்றாய்.

வந்தேன். வீட்டுக்குள்கூட விடாமல் நேராகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். பெரிய வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடித்து முப்பது நாற்பது ஆண்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே காலை மணலில் ஊன்றி இழுக்கிறார்கள். நீ என்னை அவர்கள் எதிரில் நிறுத்தினாய்.

"எவனாச்சும் மூச்ச அடக்கிகினு இழுக்கறானா பாரு. இழுக்க சொல்லோ கத்துவான். கத்துனா மூச்சு வெளிய பூடும். மூச்ச வுட்டு இழுமே."

என் கையைக் கயிற்றில் வைக்கவில்லை. பக்கத்தில் நின்று அவர்களோடு சேர்ந்து குரல் மட்டும் கொடு என்றாய். சனம் பார்க்கும் என்றேன். பார்க்கட்டும் என்றாய். அவர்கள் ஏலோ என்கிறபோது நீயும் ஏலோ என்றாய், நானும் மெல்ல ஆரம்பித்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ வாயைத் திறந்து முழுக்குரலில் கத்தினபோது, மூச்சு வெளியே போக, அடியில் ஏதோ ஒன்று தானாகச் சுருங்கி மேலே ஏறியது. நான் நின்றுவிட்டேன். மறுபடி கத்தினேன், மறுபடி ஏறியது. உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுதுமே, ஏறுதுமே என்று குதித்தேன். வலை இழுத்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, இன்னாக்கா ஏறுது, மீன் வெலையா என்று கேட்டார். நீ அவரைப் போய் வேலையைப் பார் என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு வழி தெரிந்துவிட்டது. பஸ்ஸில் கத்த முடியாது, அதனால் வாய்க்குள் மெல்ல ஊதிக்கொண்டே செய்தேன். நீயும் வளையம் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து செய்தாய். தண்ணீர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தேன். நீ என்னை ஒரு நாள்கூட எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. டவலின் மடிப்பு நாலிலிருந்து இரண்டாகக் குறைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

இந்தச் சமயத்தில்தான் என் கணவரிடமும் சொன்னேன். அவர் கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறவர் என்பது உனக்குத் தெரியும், அதிகம் பேச மாட்டார். இத்தனை வருஷமாக நான் விலகி விலகிப் படுத்ததற்குத் தன்னைப் பிடிக்காமல் போனதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சோற்றில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து மாடிப்படியில் தண்ணீர் கேனை நான் தூக்கவில்லை.

நாலாவது மாதம் ஒரு காலை, குழம்புக்கு மிளகாய் வறுத்தபோது நெடி ஏறி வீடே இருமியது. நானும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து இருமினேன். ஓய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தேன். நனையவில்லை. நம்பாமல் வேண்டுமென்றே இன்னும் இரண்டு மிளகாயைச் சட்டியில் போட்டேன். மாமியார் என்னைப் பைத்தியம் என்று திட்டினார். அப்போதும் நனையவில்லை. அன்று பஸ்ஸில் டவல் இல்லாமல் உட்கார்ந்தேன். நீ சீட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அழுதது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

கடிதத்தைக் கேட்டேன். "அதுல மீன் வறுவல் மடிச்சி உனக்கேதானே குட்த்தேன், துன்னியே" என்றாய்.

மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது லைன் லீடர் வேலையை ஒப்புக்கொண்டேன். முதல் வாரமே நான் போட்ட விதி ஒன்றுதான். கையைத் தூக்கினால் போதும், மாற்று ஆள் நிற்பாள், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. மேலே இருப்பவர்கள் உற்பத்தி குறையும் என்றார்கள். ஒரு மாதம் பார்க்கச் சொன்னேன். குறையவில்லை. இப்போது எல்லா லைனிலும் அதுதான் வழக்கம்.

அந்தப் பொங்கலை எப்படி மறப்பேன்? கேன்டீனுக்குப் பின்னால் மைதானத்தில் கோலம், உறியடி எல்லாம் முடிந்து பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. ஒவ்வொரு வருஷமும் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் காவல் காக்கிறவள் நான். அந்த வருஷம் பெயர் கொடுத்தேன். பிசியோ பெண்ணிடம் முன்பே கேட்டிருந்தேன். மூச்சை அடக்காமல் இழுக்க முடிந்தால் இழுங்கள், கீழே பாரம் இறங்குவதாகத் தோன்றினால் உடனே விட்டுவிடுங்கள் என்றிருந்தாள். உன்னை மட்டும் கயிற்றைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ கோட்டுக்குப் பக்கத்தில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாய்.

எதிரில் அசெம்பிளிப் பெண்கள், எல்லாம் இருபது வயது. நம் பக்கம் பேக்கிங்கும் பரிசோதனையும் சேர்ந்து, பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். கடைசி ஆளாக நான். முதல் ஆட்டத்தில் நிமிஷத்தில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவதில் நீ குரல் கொடுக்க ஆரம்பித்தாய். கடற்கரைக் குரல். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ ஏலோ என்றாய், நாங்கள் ஏலோ என்று கத்திக்கொண்டே இழுத்தோம். கத்தும்போது மட்டும் இழு, மற்ற நேரம் நின்று பிடி. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்தது. இரண்டாவது ஆட்டம் நமக்கு, மூன்றாவதும் நமக்கு. நான் மண்ணில் மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். என் வாழ்நாளில் விளையாட்டில் வாங்கிய ஒரே பரிசு.

சாயங்காலம் பஸ்ஸில், எப்படி ஜெயித்தீர்கள் என்று எல்லாரும் கேட்க, நீ எழுந்து நின்று முழுக்கதையையும் சொல்லிவிட்டாய். டவல், வீடியோ, முக்கல், வளையம், எதையும் விடவில்லை. உன் கதையைத்தான் முதலில் சொன்னாய். நான் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டலூர் வருவதற்குள் ஆறு பேர் தங்களுக்கும் இருக்கிறது என்றார்கள். அடுத்த மாதம் அத்தனை பேரும் சேர்ந்து லீவு கேட்டதும், ஒரே சொந்தத்தில் இத்தனை கல்யாணமா என்று சூப்பர்வைசர் கேட்டார். இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லியே லீவு வாங்கினோம்.

நீ போனது இதனால் இல்லை. நாலே நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உன்னை எடுத்த அன்று நடந்ததை உனக்கு நான் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், நீ இருக்கும்போது சொல்லாத ஒன்று.

என் அம்மா செத்தபோது நான் அழவில்லை. பெண்கள் எல்லாம் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுகிறபோது, நான் சுவரோரம் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விம்மினால் நனையும். எழுந்தால் தெரியும். பெற்றவளுக்காகக்கூட வாய்விட்டு அழாத கல்நெஞ்சுக்காரி என்று சித்தி என் காதுபடச் சொன்னாள். ஒன்பது வருஷம் அந்தச் சொல் எனக்குள் கிடந்தது.

உன் வீட்டு வாசலுக்கு வந்தபோது பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைத் தேடவில்லை. நேராக நடுவில் போய் உட்கார்ந்து, உன் தங்கையின் தோளைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தி அழுதேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கூடப் பிறந்தவளா என்று யாரோ கேட்டார்கள். உனக்காக அழுததோடு என் அம்மாவுக்காகவும் அழுதேன், ஒன்பது வருஷத்தையும் சேர்த்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் சட்டென்று எனக்கு உறைத்தது. கண்ணையும் முந்தானையையும் தவிர எதுவும் நனைந்திருக்கவில்லை.

இதை உடனே உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ முன்னால் படுத்திருந்தாய். எல்லாரும் பார்க்க உன்மேல் குனிந்து, "நனையலமே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.